மொபைல் டேட்டா திணறுகிறதா? வரிசை எங்கே தேங்குகிறது என்று பிடிக்கும் வழி

ஸ்பீட் டெஸ்ட் 40 எம்பிபிஎஸ் காட்டும். ஆனால் வீடியோ காலில் குரல் உடையும், கேமில் ஆள் உறைந்து நிற்பான். 4ஜி, 5ஜி ரூட்டரையோ போன் ஹாட்ஸ்பாட்டையோ வீட்டு இணைப்பாக வைத்திருப்பவர்களிடம் அடிக்கடி கேட்கும் புகார் இது. இப்படிப்பட்ட நேரங்களில் குறை பெரும்பாலும் வேகத்தில் இருப்பதில்லை. டேட்டாவைச் சுமக்கும் சிறு துண்டுகளான பாக்கெட்டுகள் எங்கோ வரிசையில் தேங்கி நிற்கின்றன. தேங்குமிடம் டவரா, உங்கள் மோடமா, கம்பெனியின் கோர் (மைய) நெட்வொர்க்கில் உள்ள வேகக் கட்டுப்பாடா, எதிர்முனை சர்வரா என்று தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்த மாதிரி. அது தெரியாமல் ஏபிஎன், டிஎன்எஸ் போன்ற அமைப்புகளை மாற்றிக்கொண்டிருந்தால் ஒரு பலனும் இருக்காது.

முதலில் அளவு எடுங்கள்

வைஃபையை நடுவிலிருந்து விலக்குங்கள். லேப்டாப்பை ரூட்டரோடு லேன் கேபிளில் இணையுங்கள். போன் என்றால் யுஎஸ்பி டெதரிங். வீட்டில் உள்ள மற்ற எல்லாக் கருவிகளையும் துண்டித்துவிடுங்கள். பிறகு நான்கு அளவுகளைக் குறித்துக்கொள்ளுங்கள்.

ஒன்று, சும்மா இருக்கும்போது பிங், அதாவது ஒரு பாக்கெட் சர்வருக்குப் போய்த் திரும்பும் நேரம். 1.1.1.1 என்ற பொது சர்வருக்கு ஒரு நிமிடம் ஓடவிட்டு, நடுவாக வரும் எண்ணை எடுங்கள். 4ஜியில் 30 முதல் 60 மில்லிசெகண்ட் வரை சாதாரணம். இரண்டு, பெரிய கோப்பு ஒன்றை டவுன்லோட் செய்தபடியே பிங். மூன்று, அப்லோட் செய்தபடியே பிங். நான்கு, ரூட்டரின் அமைப்புப் பக்கத்தில் தெரியும் ஆர்எஸ்ஆர்பி (சிக்னலின் வலு), ஆர்எஸ்ஆர்கியூ (சிக்னலின் தரம்), எஸ்ஐஎன்ஆர் (குறுக்கீட்டையும் இரைச்சலையும்விட சிக்னல் எவ்வளவு மேலே என்பது), பேண்ட் எண் (எந்த அலைவரிசை என்பது), செல் ஐடி (டவரின் எந்தப் பகுதி என்பதன் அடையாளம்).

இதே அளவுகளைக் காலையிலும், மதியத்திலும், இரவு 9 மணிக்கும் எடுங்கள். ஒரு வேளை அளவை மட்டும் வைத்து முடிவுக்கு வரக் கூடாது. டேட்டா செலவையும் கணக்கில் வையுங்கள்: 100 எம்பிபிஎஸ்ஸில் 10 விநாடி டெஸ்ட் ஓடினால் ஒரு திசைக்கே 125 எம்பி போய்விடும். தினம் 1.5 ஜிபி பேக்கில் இருப்பவர் ஸ்பீட் டெஸ்டாலேயே அன்றைய டேட்டாவைத் தீர்த்துவிடலாம்.

அடிப்படையான ஒரு விஷயத்தையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். ரேடியோவில் பாக்கெட் கெட்டால் எல்டிஇ, அதாவது 4ஜி, அதைச் சட்டென்று கைவிடாது. ஹெச்ஏஆர்கியூ என்ற மறு அனுப்பல் எஃப்டிடியில் (இரு திசைக்கும் தனித்தனி அலைவரிசை உள்ள வகை) 8 மில்லிசெகண்டுக்கு ஒரு முறை நடக்கும். அதிலும் தவறினால் அடுத்த அடுக்கான ஆர்எல்சி மறுபடி அனுப்பும். அதனால் ரேடியோ இழப்பு உங்களுக்கு இழப்பாகத் தெரியாது, தாமதமாகத்தான் தெரியும். சிக்னல் ஓரளவு நன்றாக இருந்தும் பாக்கெட் இழப்பு நிறையத் தெரிகிறதென்றால், யாரோ எங்கோ பாக்கெட்டை வேண்டுமென்றே கீழே போடுகிறார்கள் என்று சந்தேகப்படலாம்.

அறிகுறி: டவுன்லோட் ஓடும்போது மட்டும் பிங் 40-லிருந்து 800-க்கு ஏறுகிறது, இழப்பு இல்லை

வரிசை டவரில் இருக்கிறது. ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் டவரில் தனி வரிசை உண்டு. இணையத்துக்கான எல்லாப் போக்குவரத்தும் பொதுவாகக் கியூசிஐ 9 என்ற முன்னுரிமை வகையில், ஒரே பேரரில் (டேட்டா பாதையில்) போகும். ஆகவே பக்கத்து வீட்டாரின் பாக்கெட்டுக்குப் பின்னால் உங்கள் பாக்கெட் நிற்பதில்லை. உங்கள் வீட்டு ஆப் அப்டேட்டுக்குப் பின்னால்தான் உங்கள் வீடியோ கால் நிற்கிறது. பக்கத்து வீட்டார் செய்வதெல்லாம், உங்கள் வரிசை வடியும் வேகத்தைக் குறைப்பதுதான்.

வரிசை ஏன் இவ்வளவு ஆழம்? ரேடியோ வேகம் கணத்துக்குக் கணம் மாறும். டவரின் ஷெட்யூலர் எல்டிஇயில் 1 மில்லிசெகண்டுக்கு ஒரு முறை யாருக்கு எவ்வளவு என்று பங்கிடுகிறது. உங்கள் முறை வரும்போது கையில் பாக்கெட் இல்லையென்றால் அந்த வாய்ப்பு வீண். அதற்காகவே நிறையச் சேர்த்து வைக்கிறார்கள். ஆனால் லினக்ஸ் சர்வர்களில் பரவலாக உள்ள கியூபிக் என்ற டிசிபி முறை (அனுப்பும் வேகத்தைத் தீர்மானிக்கும் முறை), பாக்கெட் இழப்பைப் பார்த்த பிறகுதான் வேகத்தைக் குறைக்கும். டவர் எதையும் கீழே போடாததால் அது நிரப்பிக்கொண்டே போகும். 40 எம்பிபிஎஸ் இணைப்பில் 50 மில்லிசெகண்டில் போய்வரும் ஒரு சுற்றுக்குத் தேவையானது 250 கேபிதான். வரிசையில் 3 எம்பி சேர்ந்து, வேகம் 20 எம்பிபிஎஸ்ஸுக்கு இறங்கினால், கடைசியில் நிற்கும் பாக்கெட் 1.2 விநாடி காத்திருக்க வேண்டும்.

டவரின் வரிசையை நாம் தொட முடியாது. செய்யக்கூடியது, வரிசையை நம் ரூட்டருக்கு இழுத்துவருவது. ஓபன்டபிள்யூஆர்டி என்ற ரூட்டர் மென்பொருள் ஓடும் ரூட்டர் இருந்தால் வழி இது:

1. வரிசையைக் கட்டுப்படுத்தும் எஸ்கியூஎம் தொகுப்பை அதன் லூசி (பிரவுசரில் திறக்கும் அமைப்பு) பக்கத்தோடு சேர்த்து நிறுவுங்கள்.
2. ஃபயர்வால் பக்கத்தில் ஹார்ட்வேர் ஃப்ளோ ஆஃப்லோடிங்கை அணைத்துவிடுங்கள். அது ஓடினால் பாக்கெட்டுகள் எஸ்கியூஎம்மைத் தொடாமலே தாண்டிப் போய்விடும். "எல்லாம் செய்தும் மாற்றமே இல்லை" என்பவர்கள் முதலில் பார்க்க வேண்டிய இடம் இது.
3. இன்டர்ஃபேஸாக மோடம் பக்கத்தைத் தேர்ந்தெடுங்கள், லேன் பக்கத்தை அல்ல.
4. வரிசை முறையாகக் கேக், ஸ்கிரிப்டாக பீஸ் ஆஃப் கேக்.
5. வேகம்: மூன்று வேளையும் எடுத்த அளவுகளில் மிகக் குறைந்ததில் 80 முதல் 85 சதவீதம். காலையில் 42, மதியம் 31, இரவில் 14 வந்தால் ஏறக்குறைய 12 எம்பிபிஎஸ், அதாவது 12000 கிலோபிட்.
6. மீண்டும் டவுன்லோட் ஓடவிட்டு பிங் பாருங்கள். சும்மா இருந்த அளவைவிட 30 மில்லிசெகண்டுக்குள் ஏறினால் நல்லது. 100-ஐத் தாண்டினால் வேகத்தை இன்னும் 10 சதவீதம் குறையுங்கள்.

இந்த எண் உண்மை வேகத்துக்கு மேலே போனால் எஸ்கியூஎம் இருந்தும் இல்லாததுதான். வரிசை திரும்ப டவருக்கே போய்விடும். கீழே வைத்தால் காலையில் 42 கிடைக்கும் இணைப்பை 12-ல் பூட்டி வைக்கிறோம். இந்த இழப்பு உறுத்துகிறவர்களுக்குக் கேக்-ஆட்டோரேட் என்ற ஸ்கிரிப்ட் இருக்கிறது. அது வெளி சர்வர்களுக்கு இடைவிடாமல் பிங் அனுப்பி, தாமதம் ஏறினால் வேக வரம்பை இறக்கும், சுமை இருந்தும் தாமதம் ஏறவில்லையென்றால் ஏற்றும். அதற்குக் கீழ் எல்லை, அடிப்படை, மேல் எல்லை என்று மூன்று எண்கள் தர வேண்டும். மேலே சொன்ன உதாரணத்துக்கு 5, 12, 40 எம்பிபிஎஸ் பொருந்தும். மொபைல் இணைப்புக்கு நிலையான எண்ணைவிட இதுவே சரியான வழி. ரூட்டரின் பிராசசர் ஓரளவு வலுவாக இருக்க வேண்டும்; பழைய ஒற்றைக் கோர் ரூட்டர்கள் கேக்கை வேகமான இணைப்பில் தாங்காது.

போன் ஹாட்ஸ்பாட் மட்டும் இருக்கிறது என்றால் இதெல்லாம் முடியாது. போட்டோ பேக்கப், ஆப் அப்டேட், விண்டோஸ் அப்டேட் ஆகியவற்றுக்கு அந்தந்த அமைப்பிலேயே வேக வரம்போ நேர வரம்போ வையுங்கள். குறைந்த பலன்தான் என்றாலும் உடனே தெரியும் பலன்.

இந்த நேரத்தில் வோல்ட்டி (4ஜி வழியே போகும் சாதாரண போன்) அழைப்பு மட்டும் தெளிவாக இருப்பதைக் கவனித்திருப்பீர்கள். அது கியூசிஐ 1 என்ற தனிப் பேரரில் போகிறது. ஷெட்யூலர் அதற்கு முன்னுரிமை தருகிறது. வாட்ஸ்அப் கால் மற்ற டேட்டாவோடு கியூசிஐ 9-ல் நிற்கிறது. ஒரே போன், ஒரே டவர், இரண்டு வரிசை.

அறிகுறி: யாராவது அப்லோட் செய்தால் டவுன்லோடும் படுத்துவிடுகிறது

வரிசை உங்கள் மோடத்துக்குள் இருக்கிறது. மேல்நோக்கிய திசையில் மோடம் தானாக எதையும் அனுப்ப முடியாது. "என்னிடம் இவ்வளவு இருக்கிறது" என்று டவரிடம் சொல்லி, டவர் அனுமதி தந்த பிறகே அனுப்பலாம். இரு திசையும் ஒரே அலைவரிசையை நேரம் பிரித்துப் பயன்படுத்தும் டிடிடி பேண்டுகளில் நேரமே கீழ்நோக்கித்தான் அதிகம் ஒதுக்கப்படுகிறது. இந்தியாவில் பரவலாக உள்ள 2300 மெகாஹெர்ட்ஸ் பேண்ட் 40 டிடிடி வகைதான்.

டவுன்லோடுக்கும் அப்லோட் பாதை வேண்டும். 40 எம்பிபிஎஸ் டவுன்லோட் என்றால் விநாடிக்குச் சுமார் 3400 பாக்கெட். இரண்டுக்கு ஒரு ஏசிகே (வந்து சேர்ந்தது என்ற ஒப்புகை) என்றாலும் 1700 ஏசிகே திரும்பிப் போக வேண்டும். அதற்கே கிட்டத்தட்ட 0.7 எம்பிபிஎஸ் ஆகும். அப்லோட் மொத்தமே 2 எம்பிபிஎஸ் என்ற இடத்தில், போட்டோ பேக்கப்புக்குப் பின்னால் இந்த ஏசிகேக்கள் நின்றால், எதிர்முனை சர்வர் அவை வரும்வரை காத்திருக்கும்.

எஸ்கியூஎம்மில் அப்லோட் வரம்பையும் அதே 80 சதவீதக் கணக்கில் வையுங்கள். கேக்கின் ஏசிகே வடிகட்டும் தேர்வை அப்லோட் பக்கம் மட்டும் இயக்குங்கள். வரிசையில் நிற்கும் தேவையற்ற பழைய ஏசிகேக்களை அது நீக்கிவிடும். டவுன்லோடைவிட அப்லோட் பக்கம் எஸ்கியூஎம் நன்றாக வேலை செய்யும், ஏனென்றால் பாக்கெட் ரூட்டரை விட்டுப் போவதற்கு முன்பே பிடித்துவிடுகிறோம்.

அறிகுறி: முதல் சில விநாடி வேகம் பறக்கிறது, பிறகு ஒரே அளவில் விழுந்து நிற்கிறது

இதற்குக் காரணம் மூன்றில் ஒன்று. பிரித்தறிய பிங்கையும் இழப்பையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

வேகம் விழுந்த பிறகு பிங் ஏறவில்லை, இழப்பு மட்டும் ஏறுகிறது என்றால் அது போலீசர். டோக்கன் பக்கெட் முறையில், சேமித்து வைத்த அளவு தீரும்வரை எல்லாவற்றையும் விடும். தீர்ந்தபின் வரம்புக்கு மேல் வரும் பாக்கெட்டைக் கேள்வியின்றிக் கீழே போடும். ஐபெர்ஃப்3 என்ற அளக்கும் கருவியை, இழப்பு வந்தாலும் வேகம் குறையாத யுடிபி முறையில், ரிவர்ஸ் தேர்வோடு (சர்வர் நமக்கு அனுப்பும்படி) வெளி சர்வரிலிருந்து 20 எம்பிபிஎஸ்ஸில் ஓட்டிப் பாருங்கள். 10 மட்டும் வந்து சேர்ந்து, பாதி இழப்பு, தாமதத்தில் மாற்றமே இல்லை என்றால் சந்தேகம் வேண்டாம்.

பிங் ஏறுகிறது, இழப்பு இல்லை என்றால் அது ஷேப்பர். அதாவது வேகக் கட்டுப்பாடு பாக்கெட்டைப் போடாமல் பிடித்து வைக்கிறது. டவர் வரிசையும் இதே மாதிரிதான் தெரியும். வேறுபாடு நிலைத்தன்மையில்: டவர் வரிசையில் வேகம் ஏறி இறங்கும், வேளைக்கு வேளை மாறும். ஷேப்பரில் காலை, இரவு, மாடி, கீழ்வீடு எங்கும் அதே எண் வரும்.

இரண்டுக்கும் உங்கள் பக்கம் செய்ய வேண்டியது ஒன்றே: எஸ்கியூஎம்மை அந்த வரம்புக்குச் சற்றுக் கீழே வையுங்கள். போலீசர் இருக்கும் இணைப்பில் இதன் பலன் பெரிது. கியூபிக் ஒவ்வொரு இழப்புக்கும் தன் அனுப்பும் அளவை 30 சதவீதம் குறைக்கும், போலீசரோ கொத்தாகப் போடும். உங்கள் ரூட்டர் முன்கூட்டியே நிதானமாகக் கட்டுப்படுத்தினால் அந்தச் சரிவே வராது.

மூன்றாவது காரணம் சூடு. ஜன்னலில் வெயில் படும்படி வைத்த ரூட்டரும், சார்ஜில் போட்ட ஹாட்ஸ்பாட் போனும் சில நிமிடங்களில் வேகத்தைத் தாமாகவே குறைத்துக்கொள்ளும். கையில் தொட்டால் தெரிந்துவிடும். நிழலுக்கு மாற்றி, 15 நிமிடம் கழித்து மறுபடி ஓட்டிப் பாருங்கள்.

தினசரி டேட்டா தீர்ந்தபின் வரும் 64 கேபிபிஎஸ் தனிக் கதை. அந்த வேகத்தில் 1500 பைட் பாக்கெட் ஒன்று கடக்கவே 187 மில்லிசெகண்ட் ஆகிறது. சர்வர் முதல் வீச்சிலேயே 10 பாக்கெட் அனுப்பும். அது வந்து முடிய ஏறக்குறைய 2 விநாடி. பின்னணியில் நான்கு ஆப் எழுந்தால் டிஎன்எஸ் பதில்கூட நேரத்துக்கு வராது. "நெட்டே இல்லை" என்று தோன்றுவது இதனால்தான். எல்லாக் கருவிகளையும் துண்டித்து ஒரே ஒரு ஆப்பை விட்டால் எழுத்துச் செய்தி போகும்.

அறிகுறி: சிக்னல் முழுக் கட்டம், இரவில் மட்டும் வேகம் இல்லை

கட்டங்கள் ஆர்எஸ்ஆர்பியை ஒட்டியே காட்டுகின்றன. அது டவரின் குரல் எவ்வளவு உரக்கக் கேட்கிறது என்பது மட்டும். −80 டிபிஎம் நன்று, −100 நடுத்தரம், −110-க்குக் கீழே மோசம். வேகத்தைத் தீர்மானிப்பதில் எஸ்ஐஎன்ஆருக்குப் பங்கு அதிகம்: 20 டிபிக்கு மேல் அருமை, 10 போதும், 0-ஐ நெருங்கினால் திண்டாட்டம்.

ஆர்எஸ்ஆர்கியூவை இப்படிப் படியுங்கள். குறுக்கீடே இல்லாமல் உங்கள் டவர் மட்டும் முழுச் சுமையில் ஓடினால் அது கணக்குப்படி −11 டிபிக்கு அருகில் நிற்கும். −15, −17 என்று இறங்கினால் பக்கத்து செல்களின் குறுக்கீடோ இரைச்சலோ கலந்திருக்கிறது. அதாவது ஆர்எஸ்ஆர்பி நன்றாக, ஆர்எஸ்ஆர்கியூ −10 அளவில், எஸ்ஐஎன்ஆரும் நன்றாக இருந்தும் வேகம் இல்லையென்றால் கூட்டம்தான் காரணம். ஆர்எஸ்ஆர்பி நன்றாக இருந்து மற்ற இரண்டும் மோசமென்றால் குறுக்கீடு.

கூட்டம் என்றால் கணக்கு எளிது. 20 மெகாஹெர்ட்ஸ் எஃப்டிடி எல்டிஇ செல்லில் பங்கிட 100 ரிசோர்ஸ் பிளாக் (அலைவரிசைத் துண்டு). இரண்டு ஆன்டெனா, 64 காம் என்ற பண்பேற்ற முறையில் உச்ச வேகம் 150 எம்பிபிஎஸ். ஒரே நேரத்தில் 20 பேர் டவுன்லோட் செய்தால், எல்லாருக்கும் உச்ச சிக்னல் இருந்தாலும் ஆளுக்கு 7.5 எம்பிபிஎஸ்தான். பரவலாக உள்ள புரொபோர்ஷனல் ஃபேர் ஷெட்யூலர், ஒருவருக்கு இந்தக் கணத்தில் கிடைக்கக்கூடிய வேகத்தை அவருக்கு இதுவரை கிடைத்த சராசரியால் வகுத்து, ஈவு பெரிதாக வருபவருக்கு முறை தருகிறது. நீண்ட நேரத்தில் எல்லாருக்கும் ஏறக்குறைய சம நேரப் பங்கு. அந்தப் பங்குக்குள் எவ்வளவு டேட்டா அடைகிறது என்பது உங்கள் எஸ்ஐஎன்ஆரைப் பொறுத்தது. ஆகவே கூட்டமான செல்லிலும் ஆன்டெனாவை நேராக்குவது வீண் வேலை ஆகாது.

ரூட்டரை ஒரேயடியாக வேறு அறைக்குத் தூக்க வேண்டாம். 2300 மெகாஹெர்ட்ஸில் அலைநீளம் 13 சென்டிமீட்டர். ஜன்னல் ஓரத்தில் அரை அடி நகர்த்தி, ஒவ்வொரு இடத்திலும் ஒரு நிமிடம் விட்டு எஸ்ஐஎன்ஆரைக் குறியுங்கள். கம்பி வலை, ஸ்டீல் பீரோ, தண்ணீர்த் தொட்டி ஆகியவற்றுக்குப் பின்னால் வைக்காதீர்கள். பிறகு பேண்டைப் பூட்டிப் பாருங்கள். ரூட்டர் வலுவான சிக்னலைத் தேடி 850 மெகாஹெர்ட்ஸ் போன்ற கீழ் பேண்டைப் பிடித்துக்கொண்டிருக்கும். அங்கே அகலம் குறைவு, கூட்டமும் உண்டு. ஆர்எஸ்ஆர்பி 10 டிபி குறைந்தாலும் 1800-லோ 2300-லோ அதிக வேகம் கிடைக்கலாம். ஒரு பேண்டை மட்டும் பூட்டினால் கேரியர் அக்ரிகேஷன் (பல பேண்டுகளைச் சேர்த்து ஓட்டுவது) போய்விடலாம் என்பதால், பூட்டும் முன்னும் பின்னும் இரவு 9 மணி அளவையே ஒப்பிடுங்கள்.

அறிகுறி: 5ஜி வந்தால் நிலைமை மோசமாகிறது

5ஜி 4ஜியைத் துணைக்கு வைத்து ஓடும் என்எஸ்ஏ முறையில், ஒரே டேட்டா ஓட்டத்தை இரண்டு ரேடியோக்களிலும் பிரித்து அனுப்பலாம். போனில் உள்ள பிடிசிபி அடுக்கு அதை மறுபடி வரிசைப்படுத்த வேண்டும். எவ்வளவு டேட்டாவை எந்தப் பக்கம் தள்ளுவது என்பதற்கு நெட்வொர்க்குக்குள்ளேயே ஒரு ஃப்ளோ கன்ட்ரோல் இருக்கிறது: ரேடியோ பக்கம், தான் எதுவரை கொண்டுசேர்த்தது, இன்னும் எவ்வளவு தாங்கும் என்று அவ்வப்போது திருப்பிச் சொல்லும். 3500 மெகாஹெர்ட்ஸ் சுற்றுவட்டார 5ஜி சிக்னல் சுவரைத் தாண்டினாலே சட்டென்று படுக்கும். அந்தக் கணத்தில் 5ஜி பக்கம் ஏற்கெனவே தள்ளிவிட்ட பாக்கெட்டுகள் அங்கேயே சிக்கும். 4ஜி வழி வந்தவை அவற்றுக்காகக் காத்திருக்கும். பிங் 30-க்கும் 300-க்கும் இடையே ஆடுவதும், 5ஜி அடையாளம் வந்து வந்து போவதும் இதன் முகம்.

அந்த இடத்தில் எல்டிஇ மட்டும் என்று மாற்றி, அதே வேளையில் மறுபடி அளந்து பாருங்கள். ஆட்டம் நின்றால் அந்த அறைக்கு 4ஜியே போதும். இல்லாவிட்டால் ரூட்டரை டவர் தெரியும் ஜன்னலுக்குக் கொண்டுபோங்கள். தனித்து ஓடும் எஸ்ஏ 5ஜியில் 4ஜியோடு இப்படிப் பிரிப்பது கிடையாது.

அறிகுறி: வாட்ஸ்அப் ஓடுகிறது, சில தளங்கள் மட்டும் திறக்காமல் சுற்றுகின்றன

இது வரிசைச் சிக்கல் அல்ல, எம்டியூ, அதாவது ஒரு பாக்கெட்டின் உச்ச அளவு. உங்கள் பாக்கெட் டவரிலிருந்து கோருக்கு ஜிடிபி டனலுக்குள் (இன்னொரு பாக்கெட்டுக்குள் பொதிந்து) போகிறது; அதன் தலைப்புகளே 36 பைட்டாவது எடுக்கும். 1500 பைட் பாக்கெட் வழியில் அடங்காமல், அதைச் சொல்லும் ஐசிஎம்பி செய்தியையும் ஒரு ஃபயர்வால் விழுங்கிவிட்டால், சின்ன பாக்கெட்டுகள் போகும், பெரியவை காணாமல் போகும்.

துண்டாக்கக் கூடாது என்ற தேர்வோடு பிங் அனுப்புங்கள். 1472 பைட்டில் தொடங்கி, பதில் வரும்வரை பத்துப் பத்தாகக் குறையுங்கள். வந்த எண்ணோடு 28 கூட்டினால் எம்டியூ. 1372-ல் பதில் வந்தால் எம்டியூ 1400. அதை மோடம் இன்டர்ஃபேஸில் இட்டு, ஃபயர்வாலில் எம்எஸ்எஸ் கிளாம்பிங்கை (டிசிபி பாக்கெட்டின் அளவை அதற்கேற்பக் குறைப்பது) இயக்குங்கள். விபிஎன் இருந்தால் அதற்குள் இன்னும் குறைக்க வேண்டும்.

அறிகுறி: முதல் கிளிக் மட்டும் தாமதம், பிறகு சரி

பெரும்பாலும் பழுது இல்லை. சில விநாடி சும்மா இருந்தால் மோடம் பேட்டரிக்காகத் தூங்கப் போகும். எழுந்து டவரோடு பேச்சைத் தொடங்க நேரம் எடுக்கும். பிங்கை விநாடிக்கு ஒன்றாகவும், பிறகு விநாடிக்கு ஐந்தாகவும் அனுப்பிப் பாருங்கள். இரண்டாவதில் பிங் குறைந்தால் இதுதான்.

அறிகுறி: ஸ்பீட் டெஸ்ட் நன்று, ஒற்றைக் கோப்பு மட்டும் மெதுவாக இறங்குகிறது

ஸ்பீட் டெஸ்ட் பல இணைப்புகளை ஒரே நேரத்தில் திறக்கும். ஒற்றை இணைப்பின் வேகம், விண்டோவை (ஒப்புகை வருமுன் அனுப்பக்கூடிய அளவை) சுற்று நேரத்தால் வகுத்தால் வருவது. விண்டோ ஸ்கேலிங் இல்லாத பழைய சிசிடிவி பெட்டி 64 கேபிக்கு மேல் அனுப்பாது. 100 மில்லிசெகண்ட் தூரத்தில் அது 5 எம்பிபிஎஸ், 250 மில்லிசெகண்டில் 2 எம்பிபிஎஸ். டவரைக் குறை சொல்லிப் பயனில்லை. சர்வர் உங்களுடையது என்றால், லினக்ஸ் 4.9-ல் வந்த பிபிஆர் என்ற டிசிபி முறையை அதில் இயக்கிப் பாருங்கள். அது இழப்பை மட்டும் நம்பாமல் வேகத்தையும் சுற்று நேரத்தையும் அளந்து அனுப்புவதால், மொபைல் இணைப்பில் வரிசையும் குறைவாகவே நிரம்பும்.

புகார் கொடுக்கும்போது

"நெட் ஸ்லோ" என்று சொன்னால் போனை அணைத்துப் போடச் சொல்வார்கள். செல் ஐடி, பேண்ட், ஆர்எஸ்ஆர்பி, எஸ்ஐஎன்ஆர், சும்மா இருந்த பிங், சுமையில் பிங், இழப்புச் சதவீதம், தேதி, மணி ஆகியவற்றை மூன்று வேளைக்கும் எழுதிக் கொடுங்கள். அதே செல்லில் வேறு போன், வேறு சிம் போட்டும் ஒரு முறை அளந்து சேருங்கள். பழுது சிம்மிலா, கருவியிலா, செல்லிலா என்று அவர்கள் கேட்கும் முதல் கேள்விக்கு அதுவே பதில். டாக்கெட் எண்ணை வாங்கி வையுங்கள். தீராவிட்டால் அதே கம்பெனியின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் போக அந்த எண் வேண்டும்.